பிக்கப் கிறீச்சிட்டால்: ஒயில் அடிக்க முதல் தண்ணீர் அடியுங்கள்

பிக்கப்பின் கீழிருந்து கிறீச் என்று ஒரு சத்தம் கிளம்பினால், யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: "தம்பி, உதுக்கு ஒருக்கா ஒயில் அடிச்சு விடு, நிண்டிடும்." நிற்கத்தான் செய்யும், ஒரு கிழமைக்கு. பிறகு திரும்பி வரும். அதற்குள் அடிப்பக்கம் முழுக்க ஒயிலும் கோண்டாவில் செம்மண்ணும் குழைந்து அப்பியிருக்கும். எந்த மூட்டு கத்துகிறது என்று பார்க்கவும் வழியில்லை.

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஓடிய ஊர் இது. அந்தக் கார்களின் முன்பக்கத்தில் கிறீஸ் நிப்பிள்கள் (கிறீஸ் ஏற்றும் சிறு மூக்குகள்) தாராளம். கிறீஸ் கன்னை வைத்து நாலு அமத்து அமத்தினால் பாதிச் சத்தம் அடங்கிவிடும். இப்போது ஓடும் ஹைலக்ஸ், எல்200, டி-மக்ஸ் போன்றவற்றில் அந்த இடங்களில் பெரும்பாலும் இரும்புகளுக்கு நடுவில் மெத்தையாக இருக்கும் றப்பர் புஷ்ஷும், வாய் அடைத்து வரும் உருண்டைத் தலை மூட்டான போல் ஜொயின்ற்றும்தான் இருக்கின்றன. இயற்கை றப்பரில் மினரல் ஒயில் ஊறினால் அது ஊதி, மெத்தென்று ஆகி, பிறகு கிழியத் தொடங்கும். சத்தத்தை நிறுத்தப் போய் புஷ்ஷையே முடித்துவிடுகிறோம்.

தண்ணீர் றப்பரை ஒன்றும் செய்யாது. காய்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும், திரும்பவும் சோதிக்கலாம். ஒரு ஸ்பிரே போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஒரு புஷ்ஷை மட்டும் நனையுங்கள். வண்டியை அமத்தி ஆட்டிப் பாருங்கள். சத்தம் நிற்கவில்லையா, அடுத்த புஷ். எதை நனைத்ததும் சத்தம் அடங்குகிறதோ, அதுதான் ஆள். ஹோஸ் பைப்பைப் பிடித்து மொத்தமாக அடித்தால் எல்லாம் சேர்ந்து அமைதியாகிவிடும், ஒன்றும் தெரியவராது.

இதே சோதனையை வானமும் செய்து தரும். கார்த்திகை மழையில் வாயை மூடிக்கொண்டிருந்து பங்குனி வெயிலில் கத்தத் தொடங்கும் வண்டி என்றால், றப்பரையும், பின்பக்கம் அடுக்காக இருக்கும் ஸ்பிரிங் பிளேட்டையும் முதலில் சந்தேகியுங்கள். மழையானாலும் வெயிலானாலும் ஒரே மாதிரிக் கத்தினால் இரும்போடு இரும்பு உரசுகிறது. போல் ஜொயின்ற், மடங்கிக்கொண்டே சுழலும் யூனிவேர்சல் ஜொயின்ற் பக்கம் போங்கள்.

கீழே படுக்க முதல்

ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டிக்குக் கீழே போகக் கூடாது. சீமெந்துக் கல்லை அண்டக் கொடுக்கும் பழக்கம் அதைவிடப் பயங்கரம். நடுவில் ஓட்டையுள்ள கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். அக்சில் ஸ்ராண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்புக் கால்) இரண்டு இல்லாவிட்டால் இந்த வேலையைக் கராஜில் செய்விப்பது நல்லது. செம்மண் முற்றத்தில் ஜக்கின் அடி இறங்கும், தடித்த பலகை ஒன்றைப் போடுங்கள். தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை.

ஆள் இரண்டு வேண்டும். ஒருவர் ஸ்ரியரிங்கைத் திருப்ப அல்லது வண்டியை ஆட்ட, மற்றவர் கேட்க. சத்தம் சசி (வண்டியின் அடிச்சட்டம்) வழியாக எங்கும் ஓடும் என்பதால் காது ஏமாற்றும். இடது மூலையில் பிறப்பது வலது பக்கம் கேட்கும். கை அவ்வளவு ஏமாறாது. எஞ்சின் நின்றிருக்கும்போது சந்தேகமான மூட்டில் உள்ளங்கையை வைத்தால், சத்தம் வரும் அதே நொடியில் ஒரு நடுக்கம் கையில் ஏறும். அது மற்ற மூட்டில் இராது.

சில்லோடு சேர்ந்து தாளம் போடுகிறது

இதை முதலில் கழித்துவிடுங்கள். வேகம் கூடக் கூட கிறீச்சும் விரைவாக வந்தால் அது சஸ்பென்ஷன் அல்ல, சுழலும் ஏதோ ஒன்று. பிறேக்கை மெல்லத் தொட்டதும் சத்தம் மாறினாலோ நின்றாலோ பிறேக் பாட்டைப் பாருங்கள்; பாட் தேய்ந்ததும் கத்துவதற்கென்றே பலவற்றில் ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். வண்டி மெதுவாக நகரத் தொடங்கும்போது குருவி மாதிரிக் கீச்சிட்டால் பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புறப்பெலர் ஷாஃப்ற்றின் யூனிவேர்சல் ஜொயின்ற் காய்ந்திருக்கும். அதில் கிறீஸ் நிப்பிள் இருந்தால் துடைத்துவிட்டு, நாலு மூடியாலும் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றுங்கள். ஒரு மூடியால் மட்டும் வரவே மாட்டேன் என்றால், அல்லது துருப்பிடித்த சிவப்புத் தூள் தெரிந்தால், ஜொயின்ற்றை மாற்ற வேண்டியதுதான்.

எஞ்சின் ஓடும்போது ஸ்ரியரிங்கைத் திருப்பினால் மட்டும்

ரைல் போட்ட போர்ட்டிக்கோவிலும் வழுவழுப்பான சீமெந்துத் தரையிலும் ரயரே கிறீச்சிடும். மண் தரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். அங்கே அமைதி என்றால் வண்டியில் ஒன்றும் இல்லை.

மண்ணிலும் கத்துகிறது, அதுவும் ஸ்ரியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது கூடுகிறது என்றால் பவர் ஸ்ரியரிங் பெல்ற். எஞ்சின் ஐடிலில் ஓட, பெல்ற்றின் உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். பல வரி கொண்ட பெல்ற்றில் சத்தம் சற்று நேரம் அடங்கித் திரும்பி வந்தால் பெல்ற் ஓடும் கப்பிகள் ஒரே நேரில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ற் தளர்ந்து வழுக்குகிறது. சாரத்தோடு எஞ்சினுக்கு மேலே குனிய வேண்டாம், ஓடும் பெல்ற் துணியை இழுத்தால் கையையும் சேர்த்து இழுக்கும். பெல்ற் ட்ரெஸிங் என்று விற்கும் ஒட்டும் திரவத்தை அடிப்பதும் அதே ஒயில் வைத்தியம்தான்.

கிறீச் அல்லாமல் முனகல் மாதிரி வந்தால் பவர் ஸ்ரியரிங் ஒயில் குறைவு, அல்லது காற்றுப் புகுந்திருக்கிறது. அந்த ஒயில் தாங்கியைத் திறந்து பாருங்கள்: நுரை தெரிந்தால் எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது. பல வண்டிகளில் ஏரிஎஃப் (ஓட்டோ கியர்பொக்ஸுக்கு ஊற்றும்) ஒயில்தான் போடுவது, ஆனாலும் மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பிறேக் ஒயிலை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள், பம்பின் சீல் எல்லாம் போய்விடும். முழு ஒடிப்பில் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டே நிற்பதும் கூடாது. சில நொடிக்கு மேல் போனால் பம்ப் கொதிக்கும். மின்சார ஸ்ரியரிங் உள்ள புது வண்டிகளுக்கு இந்தப் பகுதி பொருந்தாது.

எஞ்சினை நிறுத்தியும் ஸ்ரியரிங்கில் சத்தம்

உள்ளே கேட்டால், பிளாஸ்ரிக் உறை உரசுகிறதா என்று கையால் அமத்திப் பாருங்கள். அடுத்தது, ஸ்ரியரிங் தண்டு எஞ்சின் பக்கம் போகும் துளையில் உள்ள றப்பர் உறை. செம்மண் புழுதி அதன் விளிம்பில் இருந்து உரசும். துடைத்துவிட்டு சிலிக்கன் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் முடிந்தது கதை. ஸ்ரியரிங் வட்டுக்குப் பின்னால் சரசரப்பு என்றால் அங்கே எயார்பாக் வயர் சுருள் இருக்கிறது. அதை நீங்கள் திறக்க வேண்டாம்.

எஞ்சின் பக்கம் ஸ்ரியரிங் தண்டில் சிறு யூனிவேர்சல் ஜொயின்ற் ஒன்று இருக்கிறது. அது துருப்பிடித்தால் ஸ்ரியரிங் ஒரு இடத்தில் இறுகும், இன்னொரு இடத்தில் இளகும். வளைவில் இருந்து தானாக நேருக்கு வராமல் மடங்கி நிற்கும். துரு இளக்கும் ஒயில் அடித்தால் கொஞ்ச நாள் ஓடும்தான். ஆனால் ஸ்ரியரிங் இறுகுவது சத்தத்தோடு நிற்கும் குறை அல்ல, அந்த மூட்டை மாற்றிவிடுங்கள்.

திருப்பிக்கொண்டே பள்ளத்தில் இறங்கும்போது முறுகும் சத்தம்

ஒழுங்கையில் இருந்து றோட்டுக்கு ஏறும்போது, பழைய மரக்கதவு திறப்பதுபோல் நீண்ட கர்ர்ர் என்று வந்தால் இந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு வெளியே மடிந்து விழும். மற்றச் சத்தங்கள் காதுக்குத் தொல்லை. இது உயிருக்கு ஆபத்து.

முதலில் கண்ணால் பாருங்கள். ஜொயின்ற்றின் றப்பர் உறை கிழிந்து, சுற்றிவரக் கறுப்புக் கிறீஸ் பிதுங்கி, அதில் மண் ஒட்டியிருந்தால் உள்ளே மண் போய்விட்டது என்று அர்த்தம். ஊசியால் உறையைக் குத்திக் கிறீஸ் ஏற்றும் வித்தை ஒன்று உண்டு. சத்தம் நிற்கும், தேய்மானம் நிற்காது. சத்தம் என்ற ஒரே எச்சரிக்கையும் போய்விடும்.

பிறகு ஆட்டிப் பார்க்க வேண்டும். எங்கே ஜக் வைக்கிறீர்கள் என்பதில்தான் முழுச் சோதனையும் தங்கியிருக்கிறது. முன்சில்லைச் சசியோடு இணைக்கும் மேல், கீழ்க் கைகளைத்தான் ஆம் என்பது; ஸ்பிரிங்கோ ரோஷன் பாரோ (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) எந்த ஆம்மில் தங்குகிறது என்று பாருங்கள். ஹைலக்ஸ் விகோ மாதிரிக் கொயில் ஸ்பிரிங் கீழ் ஆம்மில் நிற்கும் வண்டியில், கீழ் ஆம்முக்கு அடியில், ஜொயின்ற்றுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட ஜக்கை வைத்துத் தூக்குங்கள். சசியில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஆம்மைக் கீழே தள்ளி ஜொயின்ற்றை இறுக்கிப் பிடிக்கும்; தேய்ந்த ஜொயின்ற்றும் நல்லது மாதிரி நடிக்கும். பாரம் மேல் ஆம்மில் தங்கும் வண்டி என்றால் மாறி, சசியில்தான் தூக்க வேண்டும்.

சில்லு தரையை விட்டுச் சற்றே எழும்பியதும், நீண்ட இரும்புக் கம்பியை ரயருக்கு அடியில் கொடுத்து மேலே நெம்புங்கள். மற்றவர் ஜொயின்ற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் உறுதி. அடுத்தது, சில்லை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? உதவியாளரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது சில்லுப் பெயாரிங். மறையாவிட்டால் போல் ஜொயின்ற். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ரை றொட் (சில்லைத் திருப்பும் கம்பி) முனை. வண்டிக்கு வண்டி அனுமதிக்கும் ஆட்டம் வேறு, அளவு கைநூலில் இருக்கும்.

மாற்றும்போது புதியதே வாங்குங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்ற பிறகு பழைய வண்டிகளையே இழுத்து ஓட்டினோம், கழற்றிய பாகங்களுக்குப் பழகியும் விட்டோம். கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் இருந்து வரும் பழைய பொனற்றோ கதவோ வாங்குவதில் பிழையில்லை. கழற்றிய போல் ஜொயின்ற் மட்டும் வேண்டாம், அதன் வயதை வெளியில் பார்த்துச் சொல்ல ஆளில்லை. நட் கழராமல் பிடிக்கும் கொட்டர் பின்னும் புதிதாகத்தான் போட வேண்டும். வேலை முடிந்ததும் சில்லு அலைன்மென்ற் பாருங்கள். பார்க்காவிட்டால் அந்தச் செலவை ரயர் எடுத்துக்கொள்ளும்.

வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது

பாடசாலை வாசல்களில் உள்ள மேடுகளில் காலையில் கத்தி, ஓடி முடிந்த பிறகு குறையும் சத்தம் பெரும்பாலும் புஷ். சஸ்பென்ஷன் ஆம்மின் புஷ், ஷொக் அப்சோபரின் மேல் கீழ்க் கண் புஷ், இரண்டு பக்கச் சில்லையும் இணைக்கும் ஸ்ரெபிலைசர் பாரைப் பிடிக்கும் புஷ் என்று தண்ணீர்ப் போத்தலோடு வரிசையாகப் போங்கள். ஒரு பக்கச் சில்லு மட்டும் மேட்டில் ஏறும்போது கத்தினால் ஸ்ரெபிலைசர் பார் முதல் சந்தேகம், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து ஏறும்போது அதற்குப் பெரிய முறுக்கு இல்லை.

ஸ்ரெபிலைசர் புஷ் காய்ந்திருந்தால் பிடியைக் கழற்றி, பாரில் உள்ள துருவையும் மண்ணையும் தேய்த்து எடுத்துவிட்டு, சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகப் பூசி மாட்டுங்கள். பொலியூறத்தேன் புஷ் போட்டவர்கள் அதனோடு வரும் கிறீஸையே பாவிக்க வேண்டும். காய்ந்தால் றப்பரைவிட மோசமாகக் கத்தும்.

சஸ்பென்ஷன் ஆம்மின் புஷ்ஷில் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் புஷ்ஷில் றப்பர் உள்குழாயோடு ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுகித்தான் கொடுக்கும். வண்டி ஜக்கில் தொங்கும்போது போல்ற்றை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுகிய நிலையில் நிற்கும். புதுப் புஷ் சில மாதத்தில் கிழிந்தது என்ற முறைப்பாட்டில் பாதி இதனால்தான் என்பேன். போல்ற்றைக் கையால் பிடிப்பித்துவிட்டு, நாலு சில்லும் தரையில் நிற்க, வண்டியைக் கொஞ்சம் ஆட்டி அமத்திவிட்டு, பிறகு இறுக்குங்கள்.

பின்பக்கம்: ஸ்பிரிங் பிளேட்

இங்கே எங்கள் ஊரின் காற்றும் தொழிலும் சேர்ந்து வேலை செய்கின்றன. குருநகரிலும் மயிலிட்டியிலும் ஊர்காவற்றுறையிலும் மீன் ஏற்றும் பிக்கப்பில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நேராகப் பிளேட்டுகளுக்கு இடையில்தான் வடியும். கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்தாலோ பொன்னாலைப் பாலத்தாலோ தினமும் ஓடினால் மீன் ஏற்றாமலே உப்பு ஏறும். துரு பிளேட்டுகளுக்கு இடையில் வீங்கி, அவற்றை ஒன்றில் ஒன்று வழுக்க விடாது. கழுவினாலும் எந்தத் தண்ணீரால் கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். தீவுப் பகுதியில் பல கிணறுகள் உவர். உவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவி என்ன பிரயோசனம்?

கழிவு எஞ்சின் ஒயிலைத் தூரிகையால் பூசும் வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. இரும்புக்குக் கொஞ்சம் காப்புத்தான். ஆனால் மண்ணை ஒட்டவைத்து அரைக்கும், செக்கிள் (ஸ்பிரிங்கின் நுனியைச் சசியில் பிடிக்கும் ஆடும் பிடி) புஷ்ஷை ஊத வைக்கும், முற்றத்தில் சொட்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் ஒயில் கலந்த பிரச்சினையைப் பார்த்தவர்கள் நாங்கள். சுண்ணக்கல்லுக்கு மேலே சொட்டுவது நாங்கள் குடிக்கும் தண்ணீரைத் தேடித்தான் போகும்.

சரியான முறை இது. சசியைத் தூக்கி ஸ்ராண்டில் நிறுத்தி அக்சிலைத் தொங்க விடுங்கள். பிளேட்டுகளின் நுனிகள் சற்று விலகும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, முழுதாகக் காய விடுங்கள். நுனிகளுக்கு இடையில் றப்பர் அல்லது நைலோன் துண்டு இருக்க வேண்டும்; பல வண்டிகளில் அது தேய்ந்து காணாமலே போயிருக்கும், சத்தத்துக்கு மூலமே அதுதான். புதிது போடுங்கள். பிறகு கிரபைற் கலந்த, காய்ந்து நிற்கும் மசகை நுனிகளில் அடியுங்கள். சாதாரண கிறீஸ் புழுதியைச் சேர்க்கும்.

கழுவும் சாக்கில் வேறு சிலவற்றையும் பாருங்கள். ஒரு பிளேட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு. அந்தப் பக்கம் வண்டி சரிந்தும் நிற்கும். பிளேட்டுகளின் நடுவில் உள்ள சென்ரர் போல்ற் அறுந்தால் அக்சில் நகர்ந்து, வண்டி நேராக ஓடும்போதே பின்பக்கம் ஒருபக்கம் ஒதுங்கித் தெரியும். பின்னால் வருபவருக்குத்தான் அது முதலில் தெரியும். செக்கிள் பின்னில் நிப்பிள் இருந்தால் கிறீஸ் ஏற்றுங்கள், றப்பர் புஷ் என்றால் விட்டுவிடுங்கள். மருதனார்மடத்தில் வெங்காய மூட்டை ஏற்றிய பிறகு மட்டும் கத்தும் வண்டியில், கீழே உள்ள தடித்த உதவிப் பிளேட் தொடும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள்.

பிளேட்டைக் கழற்றிப் பூட்டினால் அதை அக்சிலோடு பிடிக்கும் யூ போல்ற் புதிதாகப் போடுவதே நல்லது, பழையது இழுபட்டிருக்கும். கைநூலில் சொன்ன அளவுக்கு ரோர்க் ஸ்பனரால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பனர்) இறுக்கி, சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள். சுமை ஏறி இறங்கியதும் அது கொஞ்சம் தளரலாம்.

எல்லாம் பார்த்தும் அகப்படவில்லை

சாமான் ஏற்றும் பின்பெட்டியைப் பாருங்கள். பின்கதவின் பூட்டு, கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கம்பித் தாங்கி, பெட்டியைச் சசியில் பிடிக்கும் போல்ற், கபினுக்கு அடியில் உள்ள றப்பர் மெத்தை, எல்லாம் சஸ்பென்ஷன் மாதிரியே கத்தும். பின்கதவைக் கழற்றி வைத்துவிட்டு அதே மேட்டில் ஒருக்கா ஓடிப் பார்த்தால் பாதி விசாரணை முடியும். அதோடு பெட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்பெயர் சில்லையும் இறக்கிப் பாருங்கள். உப்பில் அந்தச் சங்கிலிச் சுருள் இறுகியிருந்தால், ரயர் காற்றுப் போன நாளில் வல்லை என்ற வெட்டவெளியில் நின்று தெரிந்துகொள்வதைவிட வீட்டு முற்றத்தில் தெரிந்துகொள்வது நல்லது. இறங்குகிறது என்றால் சங்கிலிக்குக் கிறீஸ் பூசி, சில்லு ஆடாதபடி இறுக்கி ஏற்றிவிடுங்கள்.